கம்பியைத் தின்னும் காற்று

ஏர்வாடி தர்காவுக்குப் போகும் தெருவில் ஒரு தங்கும் விடுதி. அதன் சன்ஷேடின் அடிப்பக்கத்தைக் கொத்தனார் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'டங்' என்று கேட்டது. கெட்ட இடத்தில் 'டொப்' என்றது. 'டொப்' கேட்ட இடத்தில் இன்னும் ஒரு தட்டு தட்டினால் காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருந்த கம்பி பழைய கயிறு மாதிரி நார் நாராகப் பிரிந்திருந்தது.

"போன வருசம் அந்த மூலையப் பூசுனோம் பாய். அது நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் பக்கத்துல நல்லா இருந்த இடம்தான் இப்ப வெடிச்சிருக்கு" என்றார் கொத்தனார். கட்டட உரிமையாளருக்குக் கொத்தனார் மேல் சந்தேகம். கொத்தனாருக்குச் சிமெண்ட் மேல் சந்தேகம். கடைசியில் இருவரும் சேர்ந்து காற்றைத் திட்டினார்கள்.

பூசிய இடம் நிற்க, பூசாத இடம் ஏன் வெடிக்கிறது? இதற்கு அறிவியலில் பதில் இருக்கிறது. அது சென்னையிலும் காரைக்குடியிலும் ஆய்வுக் கட்டுரைகளாக அச்சாகிக் கிடக்கிறது. இந்தத் தெருவுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை. இரும்பும் கான்கிரீட்டும் உப்புக் காற்றில் எப்படிச் சாகின்றன, அதைத் தள்ளிப்போட ஆய்வாளர்கள் என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள், அதில் எது இந்தக் கரைக்கு உதவும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் காற்று. ராமநாதபுரம் கரைக்கு இரண்டு கடல். மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள், பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்பார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வாடை வந்தால் வடகடலின் முறை. ஏர்வாடி தென்கடலைப் பார்த்த ஊர். கச்சான் மாதங்களில் அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகளைக் காற்றில் ஏற்றிவிடுகின்றன. பெரிய துளிகள் கரையோரத்திலேயே விழுந்துவிடும், சிறியவை ஊருக்குள் வரும். அதனால்தான் கடலிலிருந்து 25 மீட்டரில் வைத்த இரும்புத் தகடு, 250 மீட்டரில் வைத்ததைவிடப் பல மடங்கு வேகமாக அரிபடுகிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் கியூர் பீச் என்ற இடத்தில் பல பத்தாண்டுகளாக நடந்த சோதனைகள் நிறுவிய உண்மை இது. கடற்கரைத் தெருவுக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் வித்தியாசம் உண்டு என்று இங்கே எந்த ஜன்னல் கம்பியும் சொல்லும்.

உப்பு வந்து உட்கார்ந்தால் மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். மழையே இல்லாத ஜூலையில் ஈரம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். உப்பே அதைக் கொண்டுவருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகக் கரைந்து நீராகும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் உப்பு டப்பா கசிவதை நம் வீட்டுச் சமையலறைகளில் பார்க்கிறோமே, அதேதான். இரும்பின் மேல் படிந்த உப்பு, ராத்திரி முழுக்க மெல்லிய நீர்ப்படலமாக நிற்கிறது. விடிந்து வெயில் ஏறினால் காய்கிறது. மறுபடி இரவு, மறுபடி ஈரம். துருவுக்கு இதைவிட வசதியான குடித்தனம் கிடையாது.

இன்னொன்று உள்ளூர்ச் சங்கதி. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மற்ற மாதங்களில் படிந்த உப்பைக் கழுவிவிட ஆளில்லை. மழை பெய்தாலும் சன்ஷேடின் மேல்பக்கம்தான் கழுவப்படும். அடிப்பக்கத்து உப்பு அங்கேயே இருக்கும். மழைபடாத இடம் பாதுகாப்பானது என்பது நம் நினைப்பு. கடற்கரையில் மழைபடாத இடம்தான் முதலில் போகிறது.

இந்த அரிமானத்தை அளந்து பார்க்கும் வேலை நம் பக்கத்திலேயே நடக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். ஊர்க்காரர்களுக்கு அது சிக்ரி. அதன் அரிமானச் சோதனை நிலையம் ஒன்று மண்டபத்தில் உள்ளது. அங்கே நடக்கும் அடிப்படைச் சோதனையைப் பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். உலோகத் தகடுகளைத் துல்லியமாக எடைபோட்டு, சாய்வான சட்டத்தில் கடலைப் பார்த்துப் பொருத்துகிறார்கள். மாதங்கள் கழித்து எடுத்து, துருவை மட்டும் கரைக்கும் அமிலக் கரைசலில் கழுவி, மறுபடி எடைபோடுகிறார்கள். குறைந்த எடைதான் காற்று தின்ற பங்கு. காற்றில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்க்க இன்னும் எளிய கருவி. ஒரு குழாயின் மேல் மெல்லிய துணியைச் சுற்றி, அதன் நுனியைச் சுத்தமான நீர்க் குப்பியில் விடுவார்கள். துணி எப்போதும் ஈரமாக இருக்கும், கடந்துபோகும் காற்றின் உப்பைப் பிடித்துவைக்கும். அதற்கு 'ஈர மெழுகுவர்த்தி' என்று பெயர். பல கோடி ரூபாய்ப் பாலங்களின் ஆயுள் கணக்கு இப்படி ஒரு குப்பியிலும் துணியிலும்தான் தொடங்குகிறது.

இந்தியாவின் பத்து இடங்களில் இரும்பு, துத்தநாகம், துத்தநாகம் பூசிய தகடு, அலுமினியம் ஆகியவற்றை வெளியில் வைத்து சிக்ரி ஆய்வாளர்கள் செய்த ஒப்பீடு 2006 இல் வெளியானது. முதல் வருட இழப்பை வைத்துப் பத்தாவது வருடத்தைச் சும்மா பெருக்கிச் சொல்லிவிட முடியாது என்பது இதுபோன்ற ஆய்வுகளின் பாடம். சில இடங்களில் முதலில் உருவாகும் துருவே ஓரளவு மூடியாக நின்று வேகத்தைக் குறைக்கிறது. உப்பு மிகுந்த இடத்திலோ துரு அடுக்கு அடுக்காகப் பெயர்ந்து, புது இரும்பைத் திறந்துவிடுகிறது. டெல்லி இரும்புத் தூணைக் காட்டிப் பழந்தமிழர் அறிவு, பாரத அறிவு என்று பெருமைப்படுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தத் தூணின் இரும்பில் உள்ள பாஸ்பரஸுக்கு இணையாக டெல்லியின் வறண்ட காற்றுக்கும் பெருமையில் பங்குண்டு. அதே தூணை ஏர்வாடிக் கரையில் நட்டிருந்தால் கதை வேறு.

உலகத் தரநிலையில் காற்றின் அரிக்கும் திறனை ஆறு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். கடைசி வகையில் சாதாரண இரும்பு முதல் ஆண்டில் மட்டும் 200 முதல் 700 மைக்ரான் வரை இழக்கும். ஒரு மில்லிமீட்டர் என்பது ஆயிரம் மைக்ரான். வீட்டு ஜன்னல் கம்பிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தூக்கம் வராது. பாம்பன், மயாமிக்கு அடுத்து உலகின் இரண்டாவது அரிமானப் பகுதி என்று பத்திரிகைகள் விடாமல் எழுதுகின்றன. இந்தப் பட்டத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே பாலத்தில் அலை தெறிக்கும் உயரத்திலும் அதற்குப் பத்து மீட்டர் மேலேயும் அளவு மாறும்போது, ஊருக்கு ஊர் ரேங்க் போடுவதில் அர்த்தமில்லை.

ஆனால் மயாமியையும் பாம்பனையும் சேர்த்துப் பேசுவதில் வேறொரு நியாயம் இருக்கிறது. புளோரிடாவின் தென்கோடியில் தீவுகளைக் கோத்து ஒரு கடல் ரயில்பாதை போட்டார்கள், 1912 இல் திறந்தார்கள். பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 1935 இல் ஒரு சூறாவளி அந்த ரயில்பாதையைச் சிதைத்தது, ரயிலையும் தண்டவாளத்திலிருந்து புரட்டியது. 1964 டிசம்பர் 22 இரவு இங்கே தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் கடலில் போனது. பாம்பன் பாலத்தின் 126 தூலங்கள் பிடுங்கப்பட்டன. புளோரிடாக்காரர்கள் ரயிலைக் கைவிட்டுச் சாலை போட்டார்கள். இங்கே ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் கடலடியில் கிடந்த தூலங்களை மீட்டு, 46 நாளில் ரயில் ஓட்டினார்கள்.

புளோரிடாவின் பாடம் அதன் பிறகுதான் வருகிறது. 1970களின் இறுதியிலும் 80களின் தொடக்கத்திலும் அங்கே புதிய கான்கிரீட் பாலங்கள் கட்டியபோது, கம்பிக்கு எப்பாக்ஸி பூசிவிட்டால் துருவே வராது என்று நம்பினார்கள். ஆறு முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அலை தெறிக்கும் பகுதியில் தூண்கள் வெடித்தன. பூச்சில் ஒரு கீறல் போதும், உப்பு அங்கே நுழைந்து பூச்சுக்கு அடியிலேயே படர்ந்துவிடும்.

இந்தியாவுக்கும் ஒரு கசப்பான பாடம் உண்டு. பனாஜியில் 1970 இல் திறந்த மாண்டவி பாலம் 1986 ஜூலையில் இடிந்து விழுந்தது. கான்கிரீட்டுக்குள் இழுத்துக் கட்டிய கம்பிகளை உப்பு அரித்திருந்தது. பதினாறே ஆண்டு. வீட்டுக் கம்பி வீங்கினால் காரை வெடித்து எச்சரிக்கும். இழுவிசையில் நிற்கும் கம்பி எச்சரிப்பதில்லை.

இந்தப் பின்னணியில்தான் புதிய பாம்பன் பாலத்தைப் பார்க்க வேண்டும். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. நீளம் 2.08 கிலோமீட்டர், கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளத் தூலம் 17 மீட்டர் செங்குத்தாக உயரும். கான்கிரீட்டில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. மேலே தெரியும் இரும்புக்கு பாலிசிலோக்சேன் என்ற பூச்சு. இணைப்புகளில் ஆணிக்குப் பதில் பற்றவைப்பு, ஏனென்றால் ஆணித் தலையும் தகட்டு இடுக்கும் உப்புக்கு வீடு. பூச்சு பராமரிப்பில்லாமல் 38 ஆண்டு தாங்கும் என்பது ரயில்வேயின் கணக்கு. 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை திட்டமிட்ட விதத்தையும் அரிமானப் பாதுகாப்பையும் கேள்வி கேட்டது. ரயில்வே குழு போட்டுப் பதில் சொன்னது. யார் சரி என்று இப்போதே தீர்ப்பு எழுதுவது அவசரம். பூச்சின் ஆயுளைச் சொல்லும் இதுபோன்ற எண்கள் பெரும்பாலும் சோதனைச்சாலையில் வேகப்படுத்திய பரிசோதனையை வைத்துச் சொல்லப்படுபவை. வேகப்படுத்திய உப்புத் தூவல் சோதனைக்கும் கச்சான் காற்றுக்கும் உள்ள பொருத்தம், இந்தத் துறையில் இன்றும் தீராத வாக்குவாதம். பாலத்திலேயே தகடுகளைத் தொங்கவிட்டு வருடா வருடம் எடைபோட்டு, எண்களை வெளியிட்டால் இரு தரப்புக்கும் நல்லது.

பாலம் இருக்கட்டும், சன்ஷேடுக்கு வருவோம். ஏர்வாடியில் பாலம் இல்லை, வீடுகள்தான் இருக்கின்றன.

நல்ல கான்கிரீட் கடுமையான காரம். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகி, துருவைத் தடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல ஊர்ந்து கம்பியைத் தொட்டால் படலம் உடைகிறது. இதில் குளோரைடு தீர்ந்துபோவதில்லை. தரகர் மாதிரி ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கொத்தனார்கள் 'கம்பி வீங்கிருச்சு' என்பது அதைத்தான். அறிவியல் ரீதியாகவும் அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

உப்பு ஊர்ந்துவரும் தூரம்தான் கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட் கனம், அதாவது கவர். இங்கே ஆய்வு தரும் மிக முக்கியமான, மிக மலிவான தகவல் ஒன்று இருக்கிறது. ஊடுருவும் காலம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கவர் 20 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனால், அதே கான்கிரீட்டில் காலம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய நான்கு மடங்கு. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கடற்கரைச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது, கான்கிரீட் எம்-30 தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. மூன்று அங்குலக் கனத்தில் போடும் சன்ஷேடில் 45 மில்லிமீட்டர் கவரை எங்கே வைப்பது? கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லித் துண்டைச் செருகிவிட்டு, அதுவும் நசுங்கிக் கம்பி பலகையிலேயே படுத்துக்கொள்ளும் வேலையை நான் ஏர்வாடியிலும் பார்த்திருக்கிறேன், கீழக்கரையிலும் பார்த்திருக்கிறேன். ஊரில் முதலில் உதிர்வது சன்ஷேடாக இருப்பதில் ஆச்சரியம் எதுவுமில்லை.

அடுத்தது தண்ணீர். இந்தக் கரையில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. குடிக்கும் தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்குகிற ஊரில், சிமெண்ட் கலக்க நல்ல தண்ணீர் ஊற்ற யாருக்கு மனசு வரும்? கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் 180 லிட்டர் தண்ணீர். அந்தக் கான்கிரீட்டில் மொத்த குளோரைடு 0.6 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது தரநிலை. கடல் நீரில் லிட்டருக்கு 19 கிராம் குளோரைடு. அதை ஊற்றினால் கணக்கு 3.4 கிலோவுக்குப் போய்விடும், அதை யாரும் செய்யமாட்டார்கள். ஆனால் லிட்டருக்கு 3 கிராம் உள்ள கிணற்று நீரை ஊற்றினாலே 540 கிராம் ஆகிவிடும். காற்றிலிருந்து ஒரு துளி உப்பு வருவதற்கு முன்பே வரம்பு கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் கூடாது என்று தரநிலை சொல்வதன் காரணம் இதுதான். அப்படிக் கட்டிய வீட்டில் கவர் எத்தனை வைத்தாலும் பயனில்லை. எதிரி உள்ளேயே குடியிருக்கிறான்.

சிமெண்ட் பற்றிய ஆய்வுகளில் இப்போது பேசப்படுவது சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் கலந்த வகை. சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு டெல்லி ஐ.ஐ.டி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து வளர்த்தது. சாதாரண சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கர் இதில் பாதிதான், மீதியில் பெரும்பகுதி சுட்ட களிமண். நுண்துளைகள் சிறுத்துவிடுவதால் குளோரைடு ஊர்வது வெகுவாகக் குறைகிறது. 2023 இல் இதற்கு இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது. காற்றிலுள்ள கரியமில வாயு தாக்கினால் இந்த வகை சற்றுச் சீக்கிரம் காரத்தை இழக்கும் என்பது இதன் பலவீனம். உப்பே முதல் எதிரியாக உள்ள கரையில் அது இரண்டாவது கவலை. கடையில் இன்றே கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டும் குளோரைடை நன்றாகவே தடுக்கும். தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பல் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கலப்பு சிமெண்டுக்குத் தண்ணீர் ஊற்றி நனைத்துவைக்கும் காலம் அதிகம் வேண்டும். சாதாரண சிமெண்டுக்கு 7 நாள் என்றால் இதற்குக் குறைந்தது 10 நாள். நல்ல தண்ணீருக்கு அலையும் ஊரில் மூன்று நாள் அதிகம் என்பது மூன்று டேங்கர் அதிகம். ஆய்வுக் கட்டுரைகளில் இந்த டேங்கர் செலவுக்குக் கட்டம் கிடையாது.

கம்பிப் பூச்சு விஷயத்தில் ஒரு நல்ல சண்டை நடந்திருக்கிறது. நல்ல சண்டை என்று சொல்வதற்குக் காரணம், ஒரு தமிழ்நாட்டு ஆய்வகம் வளர்த்த முறையை இன்னொரு தமிழ்நாட்டு ஆய்வகம் சோதித்துக் குறை சொன்னது. கம்பியின் மேல் சிமெண்டும் பாலிமரும் கலந்த பூச்சு சிக்ரியின் முறை, நாடெங்கும் பாலங்களில் பயன்பட்டது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020ஐ ஒட்டி வெளியிட்ட கட்டுரைகளில், கம்பியை மணல் வீச்சால் சுத்தமாக்காமல் கடையில் வந்த துருவோடு பூசினால் பலன் போய்விடுகிறது என்று காட்டினார்கள். எப்பாக்ஸி பூசிய கம்பியையும் விடவில்லை. வெயிலில் கிடந்தால் பூச்சு சுருங்கி வெடிக்கிறது, வளைக்கும்போதும் இழுக்கும்போதும் கீறுகிறது. நம் ஊரில் கம்பி எங்கே கிடக்கும்? வாசலில், வெயிலில், மாதக்கணக்கில். அரைகுறையாகப் பூசிய கம்பியைவிடப் பூசாத கம்பியும் நல்ல கவரும் மேல் என்பதுதான் என் முடிவு.

இப்போது கொத்தனாரின் புதிருக்கு வருவோம். வெடித்த இடத்தைக் கொத்திவிட்டுப் புதுக் காரை பூசினால், அந்த இடத்துக் கம்பி மறுபடி நல்ல காரத்தில் உட்கார்ந்து துருப்பிடிக்காத முனையாக மாறிவிடுகிறது. பக்கத்திலுள்ள பழைய காரையில் உப்பு அப்படியே இருக்கிறது. ஒரே கம்பியின் இந்த இரண்டு துண்டுகளுக்கும் இடையே மின்கலம் மாதிரி ஓட்டம் தொடங்கி, பழைய பக்கம் முன்னைவிட வேகமாகக் கரைகிறது. பூசியதால்தான் பக்கத்து இடம் வெடித்தது. கொத்தனார் மேலும் தப்பில்லை, சிமெண்ட் மேலும் தப்பில்லை. இதற்கு மருந்து, பழுதுபார்க்கும்போது கம்பியில் துத்தநாகக் கட்டியைக் கட்டி உள்ளே புதைத்துவிடுவது. இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரையும். கப்பல்காரர்களுக்கு இது பழைய வித்தை. படகுத்துறை ஒன்றில் இப்படிப் புதைத்த கட்டிகளின் 14 ஆண்டுத் தகவலைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அலசியிருக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கொத்திப் பூசுவதைவிட நீண்டகாலச் செலவு வெகுவாகக் குறைகிறது என்பது அவர்கள் முடிவு. ராமநாதபுரத்து ஹார்டுவேர் கடைகளில் சுண்ணாம்பு கேட்டால் தருகிறார்கள், துரு பெயிண்ட் கேட்டால் தருகிறார்கள். இந்தத் துத்தநாகக் கட்டியைக் கேட்டபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

கடற்பாசியை ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது, ஏர்வாடிப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் சரக்கு அது. மண்டபம் பக்கம் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசியின் சாறு இரும்பு அரிப்பைத் தடுக்கிறது என்று காந்திகிராம ஆய்வாளர்கள் 2014 வாக்கில் எழுதினார்கள். செய்தி நன்றாக இருக்கிறது, சோதனையைப் படிக்க வேண்டும். அது அமிலத்தில் சில மணி நேரம் செய்த சோதனை. தொழிற்சாலையில் இரும்பை அமிலத்தில் கழுவும் வேலைக்குப் பொருந்தும். வேப்பிலையில் தொடங்கி மாதுளைத் தோல் வரை இப்படி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் உலகெங்கும் குவிகின்றன. அவற்றில் உப்புக் காற்றில் ஒரு வருடம் வைத்துப் பார்த்தவை அபூர்வம். பட்டம் கிடைத்திருக்கும், ஜன்னல் கம்பிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்தத் துறையைப் பார்த்து எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். பாலத்துக்கு ஆய்வு போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டுக்குத் தேவையானது அதைவிட மலிவானது, அது போய்ச் சேரவில்லை. ஏர்வாடிப் பள்ளி மொட்டை மாடியில் ஒரு தகட்டுச் சட்டமும் ஒரு ஈர மெழுகுவர்த்தியும் வைக்கப் பெரிய பணம் வேண்டாம். எடைபோடத் தராசு மாவட்டத்துக் கல்லூரிகளில் இருக்கிறது. கிணற்று நீரில் குளோரைடு எவ்வளவு என்று பிளஸ் டூ மாணவரே வேதியியல் ஆய்வகத்தில் பார்த்துவிடலாம். அந்த எண்ணைத் தெருவாரியாக ஊராட்சிப் பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்று சிக்ரியையும் கல்லூரிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை, கரையோரம் வீடு கட்டுகிறவர்கள் சென்ட்ரிங் அடித்த அன்று, கான்கிரீட் போடுவதற்கு முன், ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே நாலரை சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.